படிவமும் பதிவேடும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நாணயத்தை எதைக் கொண்டு அறிவது என்று யாரேனும் நம்மைக் கேட்பாராயின், அதன் கட்டடத்தையோ, பெயர்ப் பலகையையோ, ஆண்டு விழாவிற்கு வந்து சென்ற பிரமுகர்களின் தொகையையோ நாம் சுட்டிக் காட்டமாட்டோம். அங்கத்தினர் பதிவேட்டை எடுத்து மேசைமீது வையுங்கள் என்போம். அப்பதிவேட்டில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரே இடத்தில், ஒரே எண்ணில், ஐயத்திற்கு இடமின்றிக் காணப்படுவாராயின் அச்சங்கத்தின் அடித்தளம் உறுதியானது. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்து, சென்னை மாகாணத்தில் திரூரில் சங்கம் தோன்றிய நாள் தொட்டு இன்றுவரை இவ்வுண்மை மாறவில்லை.

ஆனால் பதிவேட்டின் வடிவம் மாறி வருகிறது. நமது வட்டத்தில் நாம் சென்று பார்க்கும் நெசவாளர் சங்கங்களிலும் விவசாய விற்பனைச் சங்கங்களிலும், தடித்த அட்டையிட்ட பேரேடுகளுக்கு அருகே கைப்பேசியும் கணிப்பொறியும் வந்து அமர்ந்துவிட்டன. பாவு நூல் கொடுக்கும்போதும், நெய்த சேலையை வாங்கும்போதும், மஞ்சள் மூட்டை வந்து இறங்கும்போதும், எழுத்தர் கைப்பேசியில் ஒரு மின்படிவத்தைத் திறந்து நிரப்புகிறார். அது இணையத்தில் உள்ள பொதுப் பட்டியல் ஒன்றில் ஒரு வரியாகச் சென்று விழுகிறது. சங்க அலுவலகத்தாரும், விற்பனை நிலையத்தாரும், நிர்வாகக் குழுவினரும் அப்பட்டியலை அவரவர் இருந்த இடத்திலிருந்தே காண்கின்றனர். கூகுள் நிறுவனத்தின் படிவமும் விரிதாளும் கொண்டு இதனைச் செய்வோர் பலர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஷேர்பாயின்ட் பட்டியல்களும் பவர் ஆப்ஸ் படிவங்களும் கொண்டு செய்வோர் சிலர். கருவி எதுவாயினும் காரியம் ஒன்றே.

இம்மாறுதலை நாம் வரவேற்கிறோம். ஆயினும், படிவம் வேறு, பட்டியல் வேறு என்று எண்ணி, முன்னதை அழகாகச் செய்துவிட்டுப் பின்னதைக் கவனியாது விடும் சங்கங்கள், தம் அங்கத்தினருக்குத் தெரியாமலே தீங்கு இழைக்கின்றன என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம். படிவத்தையும் பட்டியலையும் முறைப்படி இணைப்பது நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்களின் வேலை என்று நிர்வாகக் குழுவினர் ஒதுங்கி நிற்றலாகாது. அது கணக்கு வேலை. ஆதலின் அவர்களுடைய வேலையே.

ஒரு நெசவாளியின் முறையீடு

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்னர், கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்றிற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். ஊரின் பெயர் இங்கே வேண்டா. பிற்பகலில் முதிய நெசவாளி ஒருவர் தம் பாஸ் புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“ஐயா, இந்த வருஷம் நான் தறிக்குழியை விட்டு ஏறினதே இல்லை. போனஸ் ஜாபிதாவிலே என் பேர் இல்லை என்கிறார்கள். நான் நெய்தது போதாதாம். இந்தப் புத்தகத்தைப் பாருங்கள்” என்றார்.

“உட்காருங்கள் அம்மா, பார்ப்போம்” என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். ஆண்டில் 118 சேலைகள் கொடுத்திருந்தார். போனஸ் பெறுவதற்குச் சங்கத்தின் பேரவை விதித்திருந்த குறைந்த அளவு 60 சேலைகளே. பிறகு கணிப்பொறியில் பொதுப் பட்டியலைத் திறக்கச் செய்தோம். அவருடைய உண்மைப் பெயரை இங்கே குறிப்பிடாது, விளக்கத்திற்காக வள்ளியம்மாள் என்று வைத்துக் கொள்வோம். பட்டியலில் “கோ. வள்ளியம்மாள்” என்ற பெயரில் 52 சேலைகள் இருந்தன. “வள்ளியம்மை கோவிந்தன்” என்ற பெயரில் 39 சேலைகள் இருந்தன. எஞ்சிய 27 சேலைகள், ஆங்கில எழுத்தில் “ஜி. வள்ளியம்மாள்” என்று பதிவாகியிருந்தன. படிவத்தை நிரப்பியவர்கள் மூவர். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு பெயரை எழுதினர். கணிப்பொறிக்கு அம்மூன்று பெயர்களும் மூன்று பெண்மணிகள். மூவரில் ஒருவரும் 60 சேலைகளை எட்டவில்லை. ஆதலின் போனஸ் பட்டியலில் மூவருமே இல்லை.

அன்று மாலையும் மறுநாளும் இருந்து பாஸ் புத்தகங்களைத் தருவித்து ஒப்பிட்டோம். இதே காரணத்தால் விடுபட்டவர்கள் இன்னும் ஏழு பேர் என்று தெரிந்தது. அவர்களில் நால்வர் முறையிடவே வரவில்லை. சங்கம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி இருந்துவிட்டனர். நிர்வாகக் குழு கூடித் தவற்றைத் திருத்தியது. தொகையும் தீபாவளிக்கு முன்னரே கிடைத்துவிட்டது. எனினும் அந்நால்வரின் மௌனம் நம் மனத்தை விட்டு அகலவில்லை. எண்ணிப் பார்த்தால், அச்சங்கத்தின் முந்தைய ஆண்டு ஆய்வுக் குறிப்பில், மின்படிவம் கொண்டு வந்தமை “பாராட்டத்தக்கது” என்று எழுதியவர்களும் நாமே. படிவத்தைத்தான் பார்த்தோம், அதன் பின்னே நின்ற பட்டியலை அன்று திறந்து பார்த்தோமில்லை.

பேரேட்டுப் பக்க எண்

இத்தவறு பழைய கணக்கு முறையில் எளிதில் நேர்ந்திராது. ஏன்? நாள்வழிக் குறிப்பில் ஒரு வரவையோ பற்றையோ எழுதும் கணக்கர், பெயருக்கு அருகே பேரேட்டுப் பக்க எண்ணையும் எழுதுவார். பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும், பக்க எண் ஒன்றே. அவ்வெண்ணைப் பிடித்துக் கொண்டு சென்றால் உரியவரின் கணக்கில்தான் போய் நிற்கலாம். எண் எழுதப்படாத பதிவு பேரேட்டில் ஏற்றப்படாத பதிவு என்று தணிக்கையாளர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்.

மின்படிவத்தைப் பொதுப் பட்டியலோடு இணைப்பது என்றால் யாது? இப்பக்க எண்ணை மீண்டும் கொண்டு வருவதேயாகும். அங்கத்தினர் பட்டியல் தனியே ஒன்று இருக்க வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, ஓர் எண். அவ்வெண் இருமுறை வாராதவாறு பட்டியலிலேயே தடை செய்து வைத்தல் வேண்டும். ஷேர்பாயின்ட் பட்டியலில் ஒரு கலத்தில் ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்று விதிக்க இடமுண்டு. சேலை வரவுப் படிவத்தில் பெயரை எழுதும் இடமே இருத்தலாகாது. எண்ணை இட்டால், அல்லது பெயரின் முதல் எழுத்துகளை இட்டுத் தேடினால், அங்கத்தினர் பட்டியலிலிருந்து உரியவரின் பெயரும் தறி எண்ணும் தாமே தோன்ற வேண்டும். எழுத்தர் தேர்ந்தெடுக்கலாம்; புதிதாகப் புனைந்து எழுத இயலாது. வரவுப் பட்டியலில் சென்று சேர்வதும் அவ்வெண்ணாகவே இருத்தல் வேண்டும்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றி ஈண்டு ஒரு வார்த்தை. நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னும் வரும், பின்னும் வரும். கோவிந்தன் என்னும் தந்தையின் பெயர் ஆங்கிலத்தில் ஒருவரிடம் “கே” ஆகும், மற்றொருவரிடம் “ஜி” ஆகும். அம்மாள், அம்மை, அம்மா என்பன ஒருவருக்கே வாழ்நாளில் மாறி மாறி வழங்கும். வங்கிக் கணக்கில் ஒரு விதம், ஆதார் அட்டையில் ஒரு விதம், குடும்ப அட்டையில் ஒரு விதம் என்று இருப்பது நம் நாட்டில் வியப்பன்று. பெயரைக் கொண்டு இரு பட்டியல்களைப் பொருத்தும் முறை வேறெங்கேனும் செல்லலாம். நம் சங்கங்களில் செல்லாது.

மஞ்சள் விற்பனைச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். விரலி, கிழங்கு என்று இரு வகைகளே இருப்பினும், எழுதவிட்டால் விரலியை ஐந்து விதமாக எழுதுவார்கள். மாத முடிவில் விரலி எத்தனை மூட்டை வந்தது என்று கேட்டால், ஐந்து விடைகள் வரும். ஐந்தும் குறைவான விடைகளாகவே இருக்கும். வகை, தரம், கிடங்கு ஆகியவை யாவும் விரிபட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவை. கூகுள் படிவத்தை வழங்குவோர் இங்கு ஒன்றை அறிதல் நலம்: அப்படிவத்தில் உள்ள விரிபட்டியல், விரிதாளில் நாம் வைத்திருக்கும் பட்டியலைத் தானாகவே பின்பற்றாது. விரிதாளில் புதிய அங்கத்தினரைச் சேர்த்தாலும் படிவத்தில் அவர் பெயர் வாராது. அதற்கெனத் தனி நிரல் எழுதி இணைத்தால் அன்றி, படிவத்திலும் நாம் கையால் சேர்க்க வேண்டும். இணைந்திருக்கின்றன என்று எண்ணிய இரண்டும், ஒரு திசையில் மட்டுமே இணைந்திருக்கின்றன.

தொடர்வனவும் நிற்பனவும்

இணைக்க வேண்டும் என்று சொன்ன நாமே, எல்லாவற்றையும் இணைத்தலாகாது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இது முரண் அன்று.

ஒரு பதிவில் இருவகைச் செய்திகள் உள. அங்கத்தினரின் முகவரி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவை மாறினால் எங்கும் புதியதே வழங்க வேண்டும். இவற்றைத் தொடர்வன எனலாம். இவை அங்கத்தினர் பட்டியலில் ஓரிடத்தில் மட்டும் இருந்து, மற்றப் படிவங்கள் அங்கிருந்து எடுத்துக் காட்டுதலே முறை. ஆனால் ஒரு சேலைக்கு அன்று கொடுத்த கூலி விகிதம், அன்று விற்ற உரத்தின் விலை, ஏலத்தில் அன்று படிந்த மஞ்சள் விலை ஆகியவை அன்றைய நிலையிலேயே நிற்க வேண்டியவை. நாளை கூலி உயர்ந்தால் நேற்றைய கூலிச் சீட்டு மாறலாகாது.

இவ்வேறுபாட்டை அறியாது, கூலி விகிதப் பட்டியலிலிருந்து தொகையை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுக் காட்டுமாறு படிவத்தை அமைத்தால் என்ன ஆகும்? ஏப்ரல் மாதத்தில் கூலியை உயர்த்தி விகிதப் பட்டியலைத் திருத்திய அந்த நிமிடமே, சென்ற ஆண்டின் சேலைகள் அனைத்திற்கும் புதிய கூலி கணக்காகிவிடும். பாஸ் புத்தகம் ஒன்று சொல்லும், பட்டியல் மற்றொன்று சொல்லும், ரொக்கப் புத்தகம் இரண்டையும் மறுக்கும். ஒருவரும் ஒரு காசும் கையாடாமலே கையாடல் நடந்ததுபோல் தோற்றம் உண்டாகும். காரியதரிசி விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போவார். ஆகவே படிவம், விகிதப் பட்டியலிலிருந்து அன்றைய கூலியை எடுத்து, வரவுப் பட்டியலின் கலத்தில் எண்ணாகவே எழுதி வைத்துவிட வேண்டும். எந்தத் தேதி முதல் எந்த விகிதம் என்பதும் விகிதப் பட்டியலில் பழைய வரிகளை அழிக்காமல் புதிய வரியாகவே சேர்க்கப்பட வேண்டும். கணக்கில் அழிப்பு இல்லை, எதிர்ப்பதிவுதான் உண்டு என்று நம் கூட்டுறவுப் பயிற்சியில் கற்பித்த பாடம் இதுவே.

காவல் எங்கே நிற்க வேண்டும்?

படிவம் என்பது வாசல்; பட்டியல் என்பது வீடு. வாசலில் காவலன் நிற்கிறான் என்று நம்பிக் கொல்லைக் கதவைத் திறந்து வைக்கும் வழக்கம் பல சங்கங்களில் காணப்படுகிறது. கைப்பேசி எண் 10 இலக்கமாக இருக்க வேண்டும், சேலை எண்ணிக்கை காலியாக இருத்தலாகாது என்றெல்லாம் படிவத்தில் விதி அமைக்கின்றனர். ஆனால் அவசரத்திற்கு ஒருவர் விரிதாளையே நேராகத் திறந்து, ஒரு வரியை எழுதிவிட்டுப் போகிறார். படிவத்தின் விதி அங்கே அவரைத் தடுப்பதில்லை. ஆதலின், விதிகளைப் பட்டியலிலேயே அமைப்பது முதற்கடமை. ஷேர்பாயின்ட் பட்டியலில் அவ்வாறு அமைத்த விதி, எந்தப் படிவத்தின் வழியாக வந்தாலும், நேராக வந்தாலும் பொருந்தும். விரிதாளிலும் கலங்களுக்கு விதியும் பூட்டும் இட இயலும்.

கலங்களின் தன்மையைப் பற்றியும் சிறிது கூறுவோம். வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் எண்களாக எண்ணுவது பிழை. அவற்றைக் கூட்டுவோரும் இல்லை, கழிப்போரும் இல்லை. அவை எழுத்துகளே. எண்ணாக வைத்தால் முன்னே நிற்கும் சுழிகள் மறைந்துவிடும். எக்செல் விரிதாளில் 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணை எண்ணாக இட்டால், பதினாறாம் இலக்கம் முதல் சுழியாகிவிடும். 16 இலக்கக் கணக்கு எண் கொண்ட அங்கத்தினரின் கூலி, இல்லாத கணக்கிற்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வரும். சில சமயங்களில் வேறொருவரின் கணக்கிற்கே போய்விடவும் கூடும்.

ஷேர்பாயின்ட் பட்டியலைப் பயன்படுத்துவோர்க்குப் பயன்படக்கூடிய குறிப்பு ஒன்று. அங்கே ஒவ்வொரு கலத்திற்கும் இரண்டு பெயர்கள் உண்டு. நாம் காணும் பெயர் ஒன்று, உள்ளே வழங்கும் பெயர் மற்றொன்று. முதலில் வைத்த பெயரே உட்பெயராக நிலைத்துவிடும். பின்னர் எத்தனை முறை மாற்றினும் காணும் பெயர்தான் மாறும். நிரலும் சில இணைப்புகளும் உட்பெயரையே நாடும். முதலிலேயே தமிழில் பெயர் வைத்தால், உட்பெயர் படிக்க இயலாத குறியீட்டுக் கோவையாக அமைந்துவிடும். ஆகவே, முதலில் ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றிச் சிறு பெயர் ஒன்றை வைத்துச் சேமித்துவிட்டு, பிறகு தமிழ்ப் பெயருக்கு மாற்றுதல் நன்று. அங்கத்தினர் காண்பது தமிழாகவே இருக்கும், உள்ளிணைப்பும் இடர்ப்படாது.

கைப்பேசியில் அலைவரிசை மங்கும் ஊர்கள் நம்மிடையே பல. அனுப்பும் பொத்தானை அழுத்தியபின் ஒன்றும் நேராததைக் கண்ட எழுத்தர் மறுபடியும் அழுத்துகிறார். ஒரே மூட்டை இரண்டு வரியாகச் சென்று விழுகிறது. இதற்கு மருந்து, சீட்டு எண்ணே. அச்சிட்ட சீட்டுப் புத்தகத்தின் வரிசை எண் படிவத்தில் கட்டாயமாக இடப்பட்டு, பட்டியலில் அவ்வெண் இருமுறை வாராதபடி விதித்துவிட்டால், இரண்டாம் முறை வந்த வரி தானே மறுக்கப்படும். காகிதச் சீட்டைக் கைவிட்டோம் என்று பெருமை கொள்வோர் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம். அங்கத்தினரின் கையில் உள்ள சீட்டும் பாஸ் புத்தகமும், பட்டியலைச் சோதிக்கும் உரைகல். அவை இல்லாதிருந்தால் மேலே கூறிய நெசவாளி எதைக் காட்டி முறையிட்டிருப்பார்?

நிறைந்த பானை

எந்தக் கருவிக்கும் கொள்ளளவு உண்டு. கொள்ளளவு நிறைந்ததை அது உரத்த குரலில் அறிவிக்கும் என்று எதிர்பார்த்தலாகாது. 2020-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில், கொரோனா நோய் உறுதியான 15,841 பேரின் விவரங்கள் அரசின் கணக்கில் உரிய காலத்தில் சேராமற் போயின. காரணம், பழைய எக்செல் கோப்பு வகை ஒன்றில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை என்பதே. அனுப்பிய இடத்தில் விவரம் இருந்தது. பெற்ற இடத்தில் இல்லை. இடையே ஒருவரும் அறியவில்லை. அத்துணைப் பெரிய நாட்டின் பொதுச் சுகாதாரத் துறைக்கு நேர்ந்தது நம் சிறிய சங்கத்திற்கு நேராது என்று சொல்ல யாரால் இயலும்?

பவர் ஆப்ஸ் படிவத்தில், தேடும் முறை பட்டியலுக்குப் பொருந்தாததாக அமைந்துவிடின், அது முதல் 500 வரிகளை மட்டுமே எடுத்துப் பார்க்கும். அவ்வரம்பை உயர்த்தலாம், ஆனால் 2,000 வரையில்தான். படிவத்தை அமைப்பவரின் திரையில் எச்சரிக்கைக் குறி தோன்றும், நிரப்புகிறவர் காண்பதில்லை. 700 அங்கத்தினர் உள்ள சங்கத்தில் 650-ஆம் எண்ணுக்குரிய அங்கத்தினர் பட்டியலில் இருப்பார், படிவத்தின் தேடலில் இருக்கமாட்டார். “உங்கள் பெயர் வரவில்லை” என்று எழுத்தர் அவரைத் திருப்பி அனுப்புவார். ஷேர்பாயின்ட் பட்டியலிலும் ஒரே பார்வையில் 5,000 வரிகளுக்கு மேல் எடுக்க முற்படும்போது தடை உண்டு; கலங்களுக்கு முன்கூட்டியே அட்டவணைக் குறிப்பு அமைத்துக் கொண்டால் அத்தடையைத் தாண்டலாம். நாள்தோறும் 20 சேலைகள் வாங்கும் சங்கம் ஓராண்டிற்குள் இவ்வெண்ணை எட்டிவிடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துக் கொள்க. புதிய படிவத்தை ஏற்குமுன், பட்டியலின் கடைசி அங்கத்தினரின் எண்ணை இட்டுச் சோதித்துப் பார்க்குமாறு காரியதரிசிகளை வேண்டுகிறோம். முதல் எண்ணை இட்டுச் சோதிப்பதில் பயனில்லை.

சாவி யாரிடம்?

இணையத்தில் உள்ள பட்டியலின் சாவி யார் கையில் இருக்கிறது என்று நாம் கேட்கும்போது, பெரும்பாலும் கிடைக்கும் விடை “நம்ம பையனிடம்” என்பதே. கணிப்பொறி அறிந்த இளைஞர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சல் கணக்கில் படிவத்தையும் பட்டியலையும் அமைத்துத் தந்திருப்பார். அவர் திறமையுள்ளவர், நல்லவர். நாளை அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தால்? சங்கத்தின் பெட்டகச் சாவியைச் சொந்த வீட்டு ஆணியில் மாட்டி வைக்க நிர்வாகக் குழு இசையுமா? பட்டியல் சங்கத்தின் பெயரிலுள்ள கணக்கில் இருக்க வேண்டும். அதன் கடவுச்சொல் காரியதரிசியிடமும் தலைவரிடமும் இருக்க வேண்டும். பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தும் ரொக்கமும் ஒப்படைப்பதைப் போன்று இதனையும் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும்.

பகிர்தலிலும் அளவு வேண்டும். இணைப்பு முகவரி கிடைத்த எவரும் திறந்து பார்க்கலாம் என்ற நிலையில் அங்கத்தினர் பட்டியலை விட்டு வைத்திருந்த சங்கங்களைக் கண்டிருக்கிறோம். அதில் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் இருந்தன. விற்பனை நிலையத்தாருக்குச் சேலையின் எண்ணும் விலையும் போதும்; நெசவாளியின் வங்கிக் கணக்கு எதற்கு? எதற்காகப் பெற்ற விவரமோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது நற்பழக்கம் மட்டுமன்று. 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுவே.

மற்றொன்று: வாடகை வீட்டில் குடியிருப்பவன், காலி செய்யும் நாளையும் எண்ணி வைக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டில் இன்ஃபோபாத் என்னும் படிவக் கருவியை மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்டது. உலகெங்கும் பல அலுவலகங்கள் தம் படிவங்களை அதில் அமைத்து, ஷேர்பாயின்ட் பட்டியல்களோடு இணைத்துக் கொண்டன. 2014-ஆம் ஆண்டு ஜனவரியில், இனி அதில் புதிய பதிப்பு வாராது என்று அந்நிறுவனமே அறிவித்தது; ஆதரவு முடிவுறும் நாளாக 2026 ஜூலை 14 குறிக்கப்பட்டது. படிவங்களை வேறு கருவிக்கு மாற்ற வேண்டிய செலவும் உழைப்பும் அவற்றை நம்பியிருந்தவர்களின் தலைமேல் விழுந்தன. ஆனால் பட்டியலை ஒழுங்காக வைத்திருந்தவர்கள் படிவத்தை மட்டுமே இழந்தனர். விவரங்களையெல்லாம் படிவக் கோப்பினுள்ளேயே பூட்டி வைத்திருந்தவர்கள் இரட்டிப்பு வேலை செய்ய நேர்ந்தது. நமக்கு இதில் பாடம் உண்டு. படிவம் மாறும், பட்டியல் நிலைக்க வேண்டும். மாதந்தோறும் பட்டியலின் படியொன்றை எடுத்துச் சங்கத்தின் சொந்த வட்டில் வைத்தலும், ஆண்டு முடிவில் அச்சிட்டுக் கையொப்பமிட்டுக் கட்டி வைத்தலும் வீண் செலவாகா.

இரு மறுப்புகள்

இதனைப் படிக்கும் சிலர், “அரசே பொது மென்பொருள் தருகிறதே, நாம் ஏன் படிவம் செய்ய வேண்டும்?” என்று கேட்கலாம். உண்மைதான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அது நற்பணி. கடனும் வைப்பும் ஆகிய கணக்குகளை அப்பொது முறையில் வைத்தலே தக்கது. ஆயினும் நெசவாளர் சங்கத்தின் பாவு நூல் கணக்கும், சேலையின் வடிவ எண்ணும், மஞ்சளின் தரக் குறிப்பும் ஒவ்வொரு சங்கத்திற்கும் தனித்தனி. அவற்றைச் சங்கமே படிவமாக அமைத்துக் கொள்வதில் தவறில்லை. அவ்வாறு அமைக்கும்போது, பொது மென்பொருளில் உள்ள அங்கத்தினர் எண்ணையே தம் பட்டியலிலும் வழங்குவாராக. இரண்டு எண் வரிசைகள் ஒரு சங்கத்தில் இருத்தலாகாது.

வேறு சிலர், “இத்தனை தொல்லை எதற்கு? பழைய பேரேடே போதும்” என்பர். அவர்கள்பால் நமக்கு மதிப்பு உண்டு. ஆனால் பேரேடு பூட்டிய அலமாரியில் இருக்கிறது. ஊருக்கு வெளியே உள்ள தறிக்காரர் அதனைக் காண்பது அரிது. முறைப்படி இணைத்த பட்டியலிலிருந்து ஒவ்வொரு நெசவாளிக்கும் அவருடைய வரியை மட்டும் மாதந்தோறும் எடுத்துக் கொடுக்க இயலும். இம்மாதம் இத்தனை சேலை, இவ்வளவு கூலி, சேமிப்பிற்குப் பிடித்தது இவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டு அவர் கைக்கு வருமாயின், பிழை நேர்ந்த மாதமே அது வெளிப்படும். தீபாவளி வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. முறையிட வாராத அந்நால்வருக்கும் அச்சீட்டு வாய் கொடுத்திருக்கும். பதிவு செய்வதற்காக மட்டுமன்றி, அங்கத்தினருக்குத் திருப்பிக் காட்டுவதற்காகவும் படிவமும் பட்டியலும் இணைய வேண்டும் என்பதே நமது கருத்து.

ஆகவே, நிர்வாகக் குழுவினருக்கு நாம் சொல்ல விரும்புவது இது. அடுத்த பேரவைக் கூட்டத்திற்கு முன்னர் ஒரு நாளை ஒதுக்குங்கள். அங்கத்தினர் பட்டியலை எடுத்து, ஒருவருக்கு ஒரு வரி, ஓர் எண் என்று செப்பனிடுங்கள். இறந்தவர், விலகியவர் வரிகளை அழிக்காமல் குறியிடுங்கள். பிறகு படிவங்களில் பெயர் எழுதும் இடத்தை நீக்கி எண்ணைத் தேர்ந்தெடுக்கும் இடத்தை வையுங்கள். பின்னர் பத்துப் பாஸ் புத்தகங்களை, முன்கூட்டிச் சொல்லாமல், அங்கத்தினர் வீடுகளிலிருந்து தருவித்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தும் ஒத்தால் மகிழ்ச்சி. ஒன்று ஒவ்வாவிடினும், எஞ்சிய எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் வரையில் போனஸ் பட்டியலில் கையொப்பம் இடாதீர்கள்.

நம் அளவிலும் ஓர் உறுதி செய்து கொண்டோம். இனி எந்தச் சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றாலும், படிவம் எவ்வளவு அழகாயினும், பட்டியலைத் திறந்து பார்க்காமல் “பாராட்டத்தக்கது” என்று எழுதுவதில்லை.